இரண்டு பஞ்சாங்கத்து மாப்பிள்ளை

மோலிடா,
நவம்பர் 21, 2006

அன்புள்ள சவீனாக் குட்டிக்கு,

தோதெர் பெரியப்பா எழுதுவது. நானே எழுதுவது. உன் அப்பன் கொஸ்தாக்கே எனக்காக எழுதிக் கொடுத்தது அல்ல. நான் எழுதுகிறேன் என்பதே அவனுக்குத் தெரியாது. எனக்குச் சுகம். குதிரைக்கும் சுகம், பின்னங்கால் வீக்கம் வற்றிவிட்டது. உனக்கு அங்கே கடல் காற்று ஒத்துக்கொள்கிறதா? போர்ச்சுகலில் நீ இருக்கும் பக்கம் பனியே விழாது என்கிறார்களே, பிறகு குளிர்காலம் வந்ததை மனிதர்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

கோடையில் நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை முடித்துவிட்டேன். எழுபத்தோரு வயதில் வந்த இந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! கடைக்குப் போனால் உப்புப் பொட்டலத்தில் 'உப்பு' என்றே போட்டிருக்கிறது. இத்தனை வருஷமும் கடைக்காரன் மேல் இருந்த நம்பிக்கையில் வாங்கியிருக்கிறேன். நம் மொழி எழுத்துகளில் அடியில் வால் முளைத்தவை இரண்டு இருக்கின்றனவே, எனக்கு அவைதான் செல்லம். வாலைக் கொஞ்சம் நீளமாகப் போட்டுவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

கிறிஸ்துமஸ் விரதம் தொடங்கிவிட்டது. பீன்ஸ், உருளைக்கிழங்கு, புளித்த கோஸ், மறுபடி பீன்ஸ்.

இன்னொரு விஷயம். ஒருவரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. "பண்டிகை எல்லாம் முடியட்டும்" என்றார். இந்த வயதில் மாப்பிள்ளைக் கோலமா என்று நீ சிரிப்பாய், அதனால் என்ன கேட்டேன் என்பதை எழுதவில்லை. உன் அப்பனிடம் சொல்லாதே.

குளிர் படாமல் இரு.
உன் பெரியப்பா
தோதெர்

•

போர்த்தோ,
டிசம்பர் 1

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கட்டிலில் நின்றுகொண்டு படித்தேன். உட்கார்ந்து படிக்க முடியவில்லை. வால்கள் அடுத்த வரி வரைக்கும் வந்திருக்கின்றன, ஒன்றையும் குறைக்காதீர்கள். நான் சுகம்தான். இங்கே பனி இல்லை, மழை. உடுப்பு காய்வதில்லை, அதை வைத்துத்தான் குளிர்காலம் வந்ததைக் கண்டுபிடிக்கிறார்கள்.

முந்தாநாள் இரவு புனித அந்திரேய் இரவு இல்லையா? நம் வீட்டில் செய்வதுபோலவே விடுதி அறைக் கதவிலும் சன்னலிலும் பூண்டு தேய்த்தேன். நேற்றுக் காலையில் காப்பாளர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்ன பொண்ணே, இங்க சமைக்கிறியா, மந்திரம் பண்றியா?" என்றார். எங்கள் ஊரில் இந்த இரவில் ஓநாய்க்கு வாய்க்கட்டு அவிழ்ந்துவிடும், செத்தவர்கள் எழுந்து நடப்பார்கள் என்றேன். அவர் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, "என் கதவுக்கும் ரெண்டு பல்லு பூண்டு தேய்ச்சுடு" என்றார்.

பத்தொன்பதாம் தேதி விடுதியில் ஒரு மாலை முழுவதும் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம் குளிர்காலப் பண்டிகைகளைச் செய்து காட்ட வேண்டும். எந்த நாளில் என்ன என்று வரிசையாக எழுதுங்கள். ஆட்டு வேஷம் எனக்குத்தான். துடைப்பக் கட்டையில் தலை மாட்டி, மரத் தாடை கடகடவென்று அடிக்கும்படி செய்துகொண்டிருக்கிறேன்.

நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் கேட்டீர்கள்? வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கலாம்தான். ஆனால் அப்பாவின் காது பக்கத்திலேயே நிற்குமே.

முத்தங்களுடன்,
சவீனா

•

மோலிடா,
டிசம்பர் 9

அன்புள்ள சவீனாக் குட்டிக்கு,

உனக்கும் உன் காப்பாளர் அம்மாவுக்கும் சுகம் உண்டாகட்டும். எனக்குச் சளி வந்து போய்விட்டது.

வரிசையாகக் கேட்டாய். ஆறாம் தேதி புனித நிக்கொலாய். முந்தின இரவே பூட்ஸைத் துடைத்துச் சன்னலோரம் வைக்க வேண்டும், காலையில் அதில் மிட்டாய் இருக்கும், சேட்டைக்காரர்களுக்குக் குச்சி இருக்கும். நானும் துடைத்து வைத்தேன். கல்யாணமாகாதவன் பூட்ஸில் யார் போடுவார்? காலையில் உள்ளே என் சாக்ஸ்தான் இருந்தது. இருபதாம் தேதி இக்நாத் நாளில் பன்றி அடிப்பு. இருபத்து நான்காம் தேதி மாலை வீடு வீடாகப் பாட்டு, பாடினவர்களுக்கு வளைய ரொட்டியும் வால்நட்டும். இருபத்தைந்தில் விரதம் முடிந்து இறைச்சி. வருஷக் கடைசி நாள் ஆட்டு வேஷமும் கரடி வேஷமும் தெருவில் ஆடும்.

இதெல்லாம் ஓடைக்குக் கீழ்ப் பக்கம். உன் சிநேகிதர்களிடம் மேல் பக்கத்தையும் சொல், இல்லாவிட்டால் நம் ஊர் பாதிதான் அவர்களுக்குத் தெரியும். பாலத்தைத் தாண்டினால் பழைய பஞ்சாங்கம். எல்லாமே பதின்மூன்று நாள் பிந்தி. நாம் இறைச்சி தின்னும்போது அவர்கள் பீன்ஸ் தின்பார்கள், அவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடும்போது நம் மரத்து அலங்காரத்தைக் கழற்றியிருப்போம். ஈஸ்டர் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்று. சம்ஃபிரா அம்மாள் சொல்கிறார், "கடவுளுக்கு ரெண்டு தடவ பொறக்குறதுல ஒண்ணும் கஷ்டமில்ல. ரெண்டு தடவ சாகுறதுன்னா யோசிப்பாரு, அதான் ஈஸ்டரை ஒண்ணா வெச்சுட்டாரு" என்று. நன்றாகச் சொல்கிறார் இல்லையா? விரத நாள் ரொட்டிக்கு முட்டை போடாமல் எண்ணெய் விட்டுப் பிசைகிறார், பஞ்சுபோல் வருகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் முதல் வீடு, ரொட்டி சுடுகிறவர், புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. விறகு நான்தான் கொண்டுபோய்ப் போடுகிறேன். அவர் அடுப்பைப்போல் சூடு தரும் அடுப்பை நான் பார்த்ததில்லை.

யாரிடம் கேட்டேன் என்று கேட்டிருந்தாய். அதைப் பிறகு எழுதுகிறேன்.

உன் பெரியப்பா
தோதெர்

•

போர்த்தோ,
டிசம்பர் 15

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சுகம். நீங்களும் குதிரையும் சம்ஃபிரா அம்மாளின் அடுப்பும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பிறகு எழுதுகிறேன் என்கிறீர்களே, எழுதியாகிவிட்டது! பக்கத்தில் பாதி அவர்தான். என் அறைத்தோழிக்கு வாசித்து மொழிபெயர்த்தேன். "விறகுன்னு வந்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்கிறாள். விரத ரொட்டியைப் பற்றி நம் ஊர் ஆண் ஒருவர் இவ்வளவு எழுதி நான் பார்த்ததில்லை.

கேட்டபோது அவர் சரியாக என்ன சொன்னார்? ஒரு சொல் விடாமல் எழுதுங்கள். ஆகாது என்று சொல்லிவிடுவாரோ என்று உங்களுக்கு உள்ளுக்குள் பயமா? எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

ஆட்டுக்குத் தாடை தயார். காது மட்டும் பாக்கி.

சவீனா

•

மோலிடா,
டிசம்பர் 10

அன்புள்ள சவீனாக் குட்டிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. சுகம். இந்தக் கடிதத்தை நல்ல மேசையில் வைத்து எழுதுகிறேன், எழுத்து நேராக இருப்பதைப் பார்.

கண்டுபிடித்துவிட்டாய், சரி. அவர் சொன்னது இது. "தோதெர், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரே வீட்டுல ஒருத்தர் விரதம் இருக்க, இன்னொருத்தர் பன்னி வறுத்தா அது வீடா, சந்தையா? உங்களுக்கு ஒரு கிறிஸ்துமஸ், எனக்கு ஒரு கிறிஸ்துமஸ். ரெண்டும் முடியட்டும், பார்க்கலாம்." பார்க்கலாம் என்பது நல்ல சொல்லா, கெட்ட சொல்லா? புத்தகத்தில் தேடினேன், அதில் 'பார்' என்பதோடு நிறுத்திவிட்டார்கள். பயம் இருக்கிறது, குட்டி. சறுக்கு வண்டியில் மரத்தடி ஏற்றி மலை இறங்கியபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

இக்நாத் நாளில் பன்றி அடித்தோம். உன் அப்பன் வந்தான். வைக்கோல் போட்டு மயிர் பொசுக்கினோம். உதவிக்கு வந்தவர்களுக்கு வழக்கம்போல் வாணலி நிறைய வறுத்துப் போட்டேன். விரத நாளானாலும் பாதிரியார் அன்று ஒரு வாய்க்குக் கண்ணை மூடிக்கொள்வாரே, அதனால் எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். பிளம் சாராயம் போதவில்லை. மறுநாள் சாசேஜ் அடைத்துப் புகையில் தொங்கவிட்டேன். வாசனை பாலம் வரைக்கும் போகிறதாம்.

உன் ஆட்டம் எப்படி நடந்தது? ஆட்டுக்குக் காது வைத்தாயா?

உன் பெரியப்பா
தோதெர்

•

போர்த்தோ,
டிசம்பர் 31

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

முதலில் சிரிப்பு. நான் டிசம்பர் 15 அன்று எழுதிய கடிதத்துக்கு நீங்கள் டிசம்பர் 10 அன்றே பதில் எழுதிவிட்டீர்கள். இருபதாம் தேதி அடித்த பன்றி பத்தாம் தேதியே சாசேஜ் ஆகிவிட்டது. தபால்துறை இவ்வளவு வேகமாகிவிட்டதா என்று ஒரு நிமிஷம் திகைத்தேன். பிறகு பதின்மூன்றைக் கூட்டிப் பார்த்தேன். பெரியப்பா, எந்த வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதி போட்டீர்கள்? அந்த நல்ல மேசை யாருடையது?

என் மாலை அமர்க்களம். ஆடு செத்து விழுந்து மறுபடி எழுந்து துள்ளும் இடத்தில் தாடை கழன்று பறந்து, பேராசிரியர் ஒருவரின் மீன் தட்டில் விழுந்தது. அவர் எழுந்து நின்று, "இதுவும் உங்க வழக்கத்துல உண்டா?" என்றார். "உண்டு, விழுந்தா அந்த வீட்டுக்கு அதிர்ஷ்டம்" என்று புளுகினேன். நம் ஊரைப்பற்றி இனி யாராவது தப்பாக எழுதினால் காரணம் நான்தான்.

இப்போது சிரிப்பு இல்லை. அப்பா தொலைபேசியில் பேசினார். இக்நாத் அன்று நீங்கள் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லையாம். அதாவது பரவாயில்லை. கிறிஸ்துமஸ் அன்று அம்மா வைத்த இறைச்சி அடைத்த கோஸ் சுருளையும் தொடாமல் ஓரமாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தீர்களாம். "அண்ணனுக்கு வயித்துல ஏதோ இருக்கு, சொல்ல மாட்டேங்குறாரு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகப்போறேன்" என்கிறார். உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்கள் என்று எங்கேயும் இல்லை.

உடம்புக்கு என்ன? உண்மையை எழுதுங்கள். இல்லாவிட்டால் தேர்வை விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவேன்.

சவீனா

•

மோலிடா,
ஜனவரி 5, 2007
(கீழ்ப் பக்கக் கணக்கு)

அன்புள்ள சவீனாக் குட்டிக்கு,

விமானம் ஏறாதே. எனக்கு ஒரு நோயும் இல்லை. புத்திதான் கொஞ்சம் கம்மி.

நடந்தது இது. இருபத்து நான்காம் தேதியோடு என் விரதம் முடிந்தது. மறுநாள் காலை புகைக்கூண்டிலிருந்து சாசேஜை இறக்கிக் கத்தியும் எடுத்துவிட்டேன். அன்றைக்கு அவர் வீட்டுக்கு விறகு போட வேண்டும். வாயெல்லாம் நெய்யும் மீசையெல்லாம் பன்றி வாசனையுமாக, பீன்ஸ் வேகும் வீட்டுக்குள் எப்படிப் போய் நிற்பது? சாசேஜைத் திரும்பத் தொங்கவிட்டேன். அவருடைய விரதம் முடியட்டும், நானும் முடிக்கிறேன் என்று வைத்துக்கொண்டேன். அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கூலி கேட்பதுபோல் இருக்கும். யாருக்கும் சொல்லவில்லை. நீ கேட்டதால் எழுதுகிறேன்.

உன் அப்பன் வாசலில் நின்று கத்தினான். "அண்ணே, வாயைத் திறங்க, நாக்கைப் பார்க்கணும்!" என்றான். "நான் குதிரையா, பல்லைப் பிடிச்சுப் பார்க்க?" என்றேன். அப்படியும் போகவில்லை. கடைசியில், மேல் பக்கத்தாரோடு சேர்ந்து விரதம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லவில்லை. "பழைய பஞ்சாங்கத்துக்கு மாறிட்டீங்களா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு போனான்.

நாளை நம் பக்கத்தில் ஓடைத் தண்ணீரைப் பாதிரியார் ஆசீர்வதிப்பார். அதே மாலை மேல் பக்கத்தில் கிறிஸ்துமஸ் பாட்டு. நான் போகிறேன். போய் என்ன ஆகும் என்று தெரியாது. ஆகாது என்று வந்தாலும் எனக்கு ஏழு வாரம் வயிறு சுத்தமாயிற்று, அந்த லாபம் எங்கும் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். குதிரைக்கும் சொன்னேன். அது நம்பவில்லை.

உன் பெரியப்பா
தோதெர்

•

போர்த்தோ,
ஜனவரி 12

பெரியப்பா,

ஆறாம் தேதி என்ன ஆயிற்று?

நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. ஆறாம் தேதி என்ன ஆயிற்று? அப்பா பேசினார், பனி நிறைய என்கிறார், நாய் குட்டி போட்டது என்கிறார். உங்களைப் பற்றிக் கேட்டால், "அண்ணனா? நல்லா இருக்காரு" என்கிறார். நல்லா என்றால் எப்படி நல்லா?

சவீனா

•

மோலிடா,
ஜனவரி 14
(கீழ்ப் பக்கக் கணக்கு)

அன்புள்ள சவீனாக் குட்டிக்கு,

சுகம், சுகம், சுகம். தாமதத்துக்குக் காரணம், இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் நடுவில் எழுந்து போய்விடுகிறேன், உட்கார முடியவில்லை.

மேல் பக்கப் பாட்டு நம் பாட்டு இல்லை. மர அறுவை ஆலையில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவனைச் சொல்லச் சொல்லி நானே தாளில் எழுதிக்கொண்டேன். இருட்டும் நேரத்தில் லாந்தரோடு போய் அவர் சன்னலுக்குக் கீழே நின்றேன். பிறகு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"யாரு வாசல்ல?"

"பாட்டுக்காரன். பாட்டை ஏத்துக்கிறீங்களா?"

"எத்தனை பேரு?"

"ஒருத்தன்தான்."

"ஒருத்தன் பாடினா பாட்டு இல்ல, புலம்பல். சரி, பாடுங்க."

தாளைப் பிரித்தேன். மூக்குக் கண்ணாடியில் என் மூச்சே பனியாகப் படிந்துவிட்டது. எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். ஒரு வரிக்கு ஒரு பாதிரிப் பிரசங்கத்தின் நேரம் ஆயிற்று.

"இது பாட்டா, பள்ளிக்கூடமா?" என்று உள்ளேயிருந்து குரல்.

மூன்றாம் வரியில் வால் முளைத்த எழுத்துகள் இரண்டும் சேர்ந்து வந்தன. நின்றுவிட்டேன். தாளில் பனி விழுந்து மை ஓடியது. தோதெர், முடிந்தது, வீட்டுக்குப் போ என்று நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து அவளே அந்த வரியை எடுத்துப் பாடினாள். கடைசி வரைக்கும் பாடினாள். என்ன குரல், குட்டி! பிறகு கதவைத் திறந்துகொண்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"முக்கால் பாட்டு நான் பாடிட்டேன். பாடினவங்களுக்குத்தான் கூலி. எடுங்க."

"ரொட்டிக்காரிக்கு நான் எங்க போய் ரொட்டி கொண்டு வர்றது?"

"வேற என்ன இருக்கு?"

"ஒரு வீடு இருக்கு. ஒரு குதிரை இருக்கு. நான் இருக்கேன்."

"குதிரைக்கு என்ன வயசு?"

"ஒம்பது."

"அப்ப குதிரையை எடுத்துக்கிறேன்" என்றாள். "என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? குதிரை மட்டும் தனியா வருமா? ஓட்டறவரும் சேர்ந்துதானே வரணும். உள்ள வாங்க, அடுப்பு ஆறுது."

மறுநாள் அவள் மேசையில் சாசேஜ் தின்றேன். எத்தனை என்று எழுதமாட்டேன். உன் அப்பனிடம் நானே சொன்னேன். முதலில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான், பிறகு சிரித்தான், பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, "அப்ப வயித்துல ஒண்ணும் இல்லையே?" என்றான். நானே உனக்கு எழுத வேண்டும், அதுவரை மூச்சு விடாதே என்று அவனிடம் சொல்லிவைத்தேன்.

இனி எனக்கு வருஷத்துக்கு இரண்டு கிறிஸ்துமஸ்! உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

உன் பெரியப்பா
தோதெர்

•

மோலிடா,
ஜனவரி 8
(உங்கள் பக்கத்துக்கு 21)

அன்புள்ள சவீனாவுக்கு,

உன்னை நான் பார்த்ததில்லை, உன் கடிதங்களை இந்த மேசையில் உரக்கப் படிக்கக் கேட்டிருக்கிறேன். சுகமாக இரு. ஆறாம் தேதி என்ன ஆயிற்று என்று கேட்டு நீ எழுதியது நேற்று வந்தது. அதற்குள் அவர் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். ஆனால் உன் பெரியப்பா விட்டதை நான் எழுத வேண்டும்.

இரண்டு கிறிஸ்துமஸ் என்று உனக்குப் பெருமை அடித்திருப்பார். இரண்டு விரதத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே நீள விரதமாக இருப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அதை எழுதியிருக்கமாட்டார்.

அவர் விரதத்தை நீட்டியதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து ரொட்டி வாங்க வரும் கீழ்ப் பக்கத்து ஆண்கள் எல்லோர் மேலும் பன்றி நெய் வாசனை அடிக்கும். இவர் மேல் குதிரை வாசனை மட்டும்தான் அடித்தது.

நவம்பரிலேயே நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று நீ நினைத்திருப்பாய். அவர் கேட்ட அன்று உங்கள் பக்கத்தில் விரதம் தொடங்கியிருந்தது, எங்கள் பக்கத்தில் தொடங்கவில்லை. என் அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. நான்கு நாள் பீன்ஸ் தின்ற மனிதர் என் சமையலறையில் நின்று, கண்ணைப் பாதி என் மேலும் பாதி சட்டியின் மேலும் வைத்துக்கொண்டு, "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றால் எந்தப் பெண்தான் நம்புவாள்? அதனால் ஒரு கணக்குப் போட்டேன். அவர் விரதம் முடிந்து, என் விரதம் முடியாத பதின்மூன்று நாள் வருமே, அப்போது வயிறு நிறைய இறைச்சி தின்றுவிட்டும் என் பீன்ஸுக்கு வந்து உட்காருகிறாரா பார்ப்போம், வந்தால் எனக்காகத்தான் என்று வைத்துக்கொள்வோம் என்று. அந்த மனிதரோ வயிற்றை நிரப்பவே இல்லை. என் சோதனை முழுவதும் கெட்டுப்போயிற்று. இரண்டு வாரம் எதிரில் உட்கார்ந்து வெறும் பீன்ஸை ருசித்து ருசித்துத் தின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் உண்டா என்று வேறு கேட்டார். நான் திரும்பி நின்று அடுப்பைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதை அவரிடம் சொல்லாதே.

கல்யாணம் பிப்ரவரி 4, ஞாயிறு. இது உங்கள் பக்கக் கணக்கு, நகராட்சி எழுத்தருக்கு ஒரே பஞ்சாங்கம்தான் தெரியும். தேடிப் பிடித்த நாள், அன்று இரண்டு பக்கத்தாரும் இறைச்சி சாப்பிடலாம். தேர்வு முடிந்திருக்கும் என்கிறார் உன் அப்பா, அவசியம் வா. அன்றைக்கு நான் கோழிதான் வைக்கப்போகிறேன். நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து எனக்குச் சொல்.

அன்புடன்,
சம்ஃபிரா